406ஆம் வரியில் ஒரு பெயர்

கி.மு. 425, ஏதென்ஸ் நகரின் குளிர்கால லெனாயா விழா. ஸ்பார்ட்டாவோடு போர் தொடங்கி ஆறாவது ஆண்டு நடக்கிறது. மேடையில் ஒரு கிழவர் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறார். இடம் ப்நிக்ஸ் குன்று, மக்கள் அவை கூடும் இடம். பொழுது விடிந்தும் அவைக்கு ஒருவரும் வந்துசேரவில்லை. கிழவர் பெருமூச்சு விடுகிறார், கொட்டாவி விடுகிறார், சோம்பல் முறிக்கிறார், தரையில் எதையோ கிறுக்குகிறார், மயிரைப் பிடுங்கிக்கொள்கிறார். போரால் நகரத்துக்குள் அடைபட்டுக் கிடப்பவர் அவர். சொந்த ஊரில் 'கரி வாங்கு, காடி வாங்கு, எண்ணெய் வாங்கு' என்று எவனும் கூவியதில்லை, எல்லாம் ஊரே கொடுத்தது என்று புலம்புகிறார்.

கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபனிஸ் எழுதிய 'அக்கார்னியர்கள்' இப்படித்தான் தொடங்குகிறது. அவை கூடுகிறது. சமாதானத்தைப் பற்றி யாரும் பேசத் தயாராக இல்லை. கிழவர் பொறுமையிழந்து, தனக்கும் தன் குடும்பத்துக்கும் மட்டும் ஸ்பார்ட்டாவோடு தனி உடன்படிக்கை செய்துகொள்கிறார். செய்தி அறிந்த அக்கார்னாய் ஊர்க் கரிமூட்டத் தொழிலாளர்கள் கல்லோடு துரத்தி வருகிறார்கள். 'துரோகி' என்று கத்துகிறார்கள். அவர்கள் முன்னால் தன் பக்கத்து நியாயத்தைப் பேச ஒரு பரிதாப வேடம் வேண்டுமென்று, கிழிந்த உடை கடன் கேட்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார். அங்கே, 406ஆம் வரியில், முதல்முறையாகத் தன் பெயரைச் சொல்கிறார்: "டிகயோபோலிஸ் கூப்பிடுகிறேன், கொல்லெய்டாய் ஊர்க்காரன்."

'டிகயோஸ்' என்றால் நீதியுள்ள. 'போலிஸ்' என்றால் நகரம். அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் கவிஞர் பிண்டார் ஏஜினா தீவைப் பாடும்போது இதே கூட்டுச்சொல்லை அடைமொழியாக வைத்திருக்கிறார். ஒரு தீவுக்குச் சூட்டப்பட்ட அடைமொழியை ஒரு குடியானவர் தன் பெயராகச் சொல்கிறார். அதுவும் எந்த நேரத்தில்? நகரத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஊரே கல்லெடுத்து நிற்கும் நேரத்தில். ஒற்றை ஆளாகச் சமாதானம் செய்தவர், ஒற்றை ஆளாகவே ஒரு நகரம் ஆகிறார். நானூறு வரிகளாக அவர் செய்ததெல்லாம் அந்தப் பெயருக்குள் வந்து நிறைகிறது.

இந்த அனுபவம் நமக்குக் கிடைப்பதில்லை. அச்சுப் புத்தகத்தைத் திறந்ததும் முதல் பக்கத்தில் பாத்திரப் பட்டியல் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் பெயர். அடிக்குறிப்பில் பெயரின் பொருள். முதல் கொட்டாவிக்கு முன்பே 'நீதிநகரன்' நமக்கு அறிமுகமாகிவிடுகிறார். ஏதென்ஸ் பார்வையாளர் கையில் எந்தத் தாளும் கிடையாது. பழைய பப்பைரஸ் பிரதிகளிலும் பேசுபவர் மாறும் இடத்தை ஒரு சிறு கோடோ இரட்டைப் புள்ளியோ காட்டியது, பெயர் எழுதுவது அரிது. இன்று நாம் பார்க்கும் பட்டியல்களும் வசனத்துக்கு முந்தைய பெயர்களும் பிற்கால அறிஞர்களும் பதிப்பாசிரியர்களும் சேர்த்தவை.

நண்பர்கள் சிலர் கூடி இந்த நாடகத்தை வாய்விட்டு வாசித்தபோது, பட்டியலை எடுத்துவிட்டு, பெயர் இருந்த இடத்திலெல்லாம் 'கிழவர்' என்று போட்டுப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். யூரிப்பிடிஸின் வேலைக்காரனாக வாசித்துக்கொண்டிருந்த நண்பர் அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டார். "அப்போ இவ்வளவு நேரம் இவருக்குப் பேரே இல்லையா?" என்றார். நான் எதிர்பார்த்த கேள்வி அதுதான். அந்தக் கேள்வி எழும்படியாகத்தான் அரிஸ்டோபனிஸ் அந்தப் பெயரை அங்கே வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன்.

கிரேக்க நகைச்சுவை நாடகப் பெயர்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு அட்டவணை போட்டு முடித்துவிடுகிறார்கள்: இந்தப் பெயருக்கு இந்தப் பொருள், அந்தப் பெயருக்கு அந்தப் பொருள். நன்னூல் படித்த நமக்கு அது சுலபமாகப் பிடிபடும், எல்லாம் காரணப்பெயர் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். ஆனால் அந்தப் பெயர் எப்போது சொல்லப்படுகிறது, யார் வாயால் சொல்லப்படுகிறது, யாருக்குப் பெயரே கொடுக்கப்படவில்லை என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் முழுதாகிறது.

முதலில் ஏதென்ஸ்காரர்கள் பெயர் வைத்த முறையைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கிரேக்கப் பெயர்கள் இரண்டு துண்டுகள் சேர்ந்தவை. குதிரை, புகழ், படை, போர், மக்கள், வெற்றி போன்ற சொற்கள் மாறி மாறி ஒட்டும். மூத்த பையனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயரைச் சூட்டுவது வழக்கம். முறையாகச் சொல்லும்போது தன் பெயர், தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் மூன்றும் வரும். நாடகாசிரியர் புதிதாக ஒரு பெயரை உருவாக்கினாலும் இந்தத் துண்டுகளைக் கொண்டே உருவாக்கினார். அதனால்தான் அந்தப் பெயர்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் போலவும் இருக்கின்றன, பாத்திரத்தின் குணத்தையும் சொல்கின்றன.

இது வேறெங்கையும்விடத் துலக்கமாகத் தெரிவது 'மேகங்கள்' நாடகத்தில். கி.மு. 423இல் மேடையேறியது. பட்டிக்காட்டு விவசாயி ஒருவர், மெகக்ளிஸின் மகன் மெகக்ளிஸ் என்னும் பெரிய இடத்து மனிதரின் உடன்பிறந்தார் மகளைக் கட்டிக்கொண்டவர், தூக்கம் வராமல் பழைய கதையைச் சொல்கிறார். பையன் பிறந்ததும் பெயர் வைப்பதில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. அம்மாவுக்குப் பெயரில் குதிரை இருந்தாக வேண்டும். குதிரை வளர்ப்பது பணக்காரப் பரம்பரைக் குடும்பங்களின் அடையாளம். 'ஹிப்போஸ்' என்ற குதிரைச் சொல்லை ஒட்டி க்ஸாந்திப்போஸ், காரிப்போஸ், காலிப்பிடிஸ் என்று அடுக்குகிறாள். க்ஸாந்திப்போஸ் என்பது ஏதென்ஸின் பெருந்தலைவர் பெரிக்ளிஸின் தகப்பனார் பெயர் என்பதை அரங்கத்தில் இருந்த எல்லோரும் அறிவார்கள். அப்பாவுக்கோ தன் தகப்பன் ஃபெய்டோனின் பெயர் தொடர வேண்டும், ஃபெய்டோனிடிஸ் என்று வைக்கலாம் என்கிறார். அதில் உள்ள 'ஃபெய்ட்' சிக்கனத்தைக் குறிக்கும் வேர். நாள்கணக்கில் இழுபறி நடந்து, கடைசியில் இரண்டையும் ஒட்டி ஃபெய்டிப்பிடிஸ் என்று வைக்கிறார்கள். சிக்கனமும் குதிரையும் ஒரே பெயரில்.

பிறகு அம்மா குழந்தையைக் கொஞ்சும் விதத்தையும் அவரே சொல்கிறார். "நீ பெரியவனாகி, மெகக்ளிஸ் மாமா மாதிரி நீள அங்கி போட்டுக்கொண்டு நகரத்துக்குள் தேரோட்டிப் போகும் நாள் வரும்" என்பாளாம். இவர், "உங்கப்பன் மாதிரி தோல் உடுப்பு மாட்டிக்கொண்டு கரட்டுக் காட்டிலிருந்து ஆடு ஓட்டி வரும் நாள் வரும்" என்பாராம். எந்தத் துண்டு வென்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பையனின் குதிரைப் பைத்தியத்தால் ஏறிய கடன்தான் கிழவரைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஒரே ஒரு குதிரைக்கு மட்டும் 12 மினா, பெருந்தொகை. வர்க்கம் மாறிக் கட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தின் முழு வரலாற்றையும் ஒரு பெயருக்குள் மடித்து வைத்த இந்தப் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு இணையாக நகைச்சுவை இலக்கியத்தில் நான் வேறொன்றைப் படித்ததில்லை. இத்தனை பெயர் அடுக்கும் அந்தப் பகுதியில் மனைவிக்குப் பெயர் இல்லை என்பதையும் கவனியுங்கள். அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

மாரத்தான் செய்தியோடு சேர்த்துச் சொல்லப்படும் ஓட்டக்காரரின் பெயரும் ஃபெய்டிப்பிடிஸ்தானே என்று சிலருக்குத் தோன்றலாம். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் நூலின் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் அந்தப் பெயரும், வேறு சிலவற்றில் ஃபிலிப்பிடிஸ் என்றும் இருக்கிறது. ஃபிலிப்பிடிஸ்தான் சரி என்பவர்கள் பலர். ஊர் கொண்டாடும் ஓட்டக்காரரின் பெயரை, இரண்டு பேர் சண்டை போட்டு ஒட்டிய விசித்திரப் பெயர் என்று அரிஸ்டோபனிஸ் மேடையேற்றியிருக்க மாட்டார் என்ற வாதம் எனக்கும் சரியாகவே படுகிறது.

அப்பாவின் பெயருக்கு வருவோம். அதுவும் உடனே சொல்லப்படுவதில்லை. சாக்ரடீஸின் சிந்தனைக்கூடக் கதவைத் தட்டும்போது, 134ஆம் வரியில்தான், "ஃபெய்டோன் மகன் ஸ்ட்ரெப்சியாடிஸ், கிகின்னா ஊர்" என்கிறார். அதன் அடியில் இருப்பது திருப்புதல், திருகுதல், புரட்டுதல் என்று பொருள்படும் வினை. அந்த வினை அதற்கு முன்பே நாடகத்தில் புகுந்துவிட்டது. ராத்திரி முழுக்க ஏன் இப்படிப் புரண்டு புரண்டு படுக்கிறீர்கள் என்று மகன் கேட்கிறான், அங்கே அதே வினை. உன் போக்கைத் திருப்பிக்கொள் என்று மகனுக்குப் புத்தி சொல்லும் இடத்திலும் அதே வேர். பெயர் தெரிந்த பிறகு, வழக்குகளைப் புரட்டிக் கடன்காரரிடமிருந்து தப்பினால் போதும் என்று அவர் கேட்கும்போது மறுபடி. எல்லாம் கெட்டு, மகனிடமே அடி வாங்கி, மேகங்களைப் பார்த்து "நீங்கள்தானே என்னை இப்படி ஆக்கினீர்கள்" என்று அழும்போது மேகங்கள் பதில் சொல்கின்றன: "நீயேதான் உன்னைக் கெட்ட காரியங்களின் பக்கம் திருப்பிக்கொண்டாய்." 1455ஆம் வரி. முதலில் உடல் புரண்டது, பிறகு வழக்கைப் புரட்ட ஆசை, கடைசியில் ஆளே திரும்பிவிட்டார். பெயரை அடிக்குறிப்பில் 'புரட்டர்' என்று போட்டுவிட்டு நகரும் பதிப்புகள் இந்த ஓட்டம் முழுவதையும் வாசகரிடமிருந்து மறைத்துவிடுகின்றன.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'குதிரைவீரர்கள்' நாடகத்தில் விளையாட்டு வேறு மாதிரி. வீட்டு எஜமானரின் பெயர் டெமோஸ், அதாவது மக்கள். ஊர் எது என்றால் ப்நிக்ஸ். ப்நிக்ஸ் ஒரு ஊரே இல்லை, மக்கள் அவை கூடும் அந்தக் குன்றுதான். கொஞ்சம் காது கேட்காத, சிடுசிடுத்த கிழவர். அவரை ஏய்த்து வீட்டையே ஆட்டிப்படைக்கும் புதிதாக வாங்கிய அடிமைக்கு 'பாஃப்லகோனியன்' என்று பெயர். பாஃப்லகோனியா கருங்கடலோரத்து நாடு, அடிமைகள் கொண்டுவரப்பட்ட பகுதி. ஆனால் கிரேக்கக் காதில் அதே ஒலி கொதித்துப் பொங்குதலைக் குறிக்கும் வினையாகவும் கேட்கும். தொண்டை கிழியக் கத்திப் பேசும் தலைவர் கிளியோனைத்தான் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கிளியோனின் பெயர் இந்த நாடகம் முழுவதிலும் ஒரே ஒருமுறைதான் வருகிறது, அதுவும் கோரஸ் என்னும் பாடற்குழுவின் பாட்டு ஒன்றில். அந்த மனிதரின் சாயலில் முகமூடி செய்யத் தொழிலாளர்கள் பயந்தார்கள் என்றும் நாடகத்திலேயே ஒரு வசனம் இருக்கிறது.

பாஃப்லகோனியனைத் தோற்கடிக்க வருபவன் ஒரு தொத்திறைச்சி வியாபாரி. படிப்பில்லாதவன், சந்தையில் வளர்ந்தவன். அவன் பெயரும் ஆயிரத்து இருநூறு வரி தாண்டியும் சொல்லப்படுவதில்லை. எல்லாப் போட்டியும் முடிந்து அவன் ஜெயித்த பிறகு, டெமோஸ் முதல்முறையாக, "உன் பெயர் என்ன, சொல்" என்கிறார். "அகோராகிரிட்டோஸ். சந்தையில் சச்சரவு பண்ணியே வயிறு வளர்த்தவன்." அப்படியானால் உன்னிடமே என்னை ஒப்படைக்கிறேன் என்கிறார் டெமோஸ். 'அகோரா' சந்தை, அவை இரண்டையும் குறிக்கும். 'அவை தேர்ந்தெடுத்தவன்' என்று கௌரவமாகவும் அந்தப் பெயரைப் பிரிக்கலாம். சிற்பி ஃபெய்டியாஸின் மாணவர் ஒருவருக்கே அந்தப் பெயர் இருந்தது. வியாபாரி தன் வாயால் தாழ்ந்த பொருளைச் சொல்கிறான், நாடகம் அவனுக்கு உயர்ந்த பொருளைக் கொடுக்கிறது. தலைவர் இல்லாமல் தவிக்கும் ஒரு ஜனநாயகம் கடைசியில் பெயரைக் கேட்கும் அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

'குளவிகள்' நாடகத்தில் இத்தனை நுட்பம் கிடையாது. அப்பன் பெயர் ஃபிலோகிளியோன், கிளியோனை நேசிப்பவர். மகன் பெயர் ப்டெலிகிளியோன், கிளியோனைக் கண்டால் குமட்டுபவன். அடிமை ஒருவன் பார்வையாளரைப் பார்த்து நேரடியாக அறிவிக்கிறான், சிரிப்பு எழுகிறது, அவ்வளவுதான். அதே நாடகத்தில் பாலாடைக்கட்டி திருடிய நாய் மீது நடக்கும் வழக்கில், ஊர்ப் பெயரைக்கூட விடாமல் கிளியோனையும் தளபதி லாக்கிஸையும் நாய்களாக்குவது இதைவிட ருசியானது. குற்றவாளி நாயின் பெயர் லாபெஸ். லாக்கிஸைப் போலவே ஒலிக்கும், 'கவ்வுவான்' என்று பொருள் தரும். 'அமைதி' நாடகத்தின் ட்ரிகையோஸ் பெயரில் திராட்சை அறுவடை இருக்கிறது. போர் முடிந்தால் தோட்டத்துக்குத் திரும்பலாம் என்று வண்டின் மேலேறி வானுலகம் போகிறவருக்குப் பொருத்தமான பெயர். வாசலில் ஹெர்மிஸ் தெய்வம் "அடேய் கேடுகெட்டவனே" என்று வைதுவிட்டுப் பெயரைக் கேட்கிறது. "மகா கேடுகெட்டவன்." எந்த ஊர்? "மகா கேடுகெட்டவன்." அப்பன் பெயர்? "எனக்கா? மகா கேடுகெட்டவன்." பயந்துபோன குடியானவன் பெயர், ஊர், தகப்பன் என்ற மூன்று விவரத்துக்கும் அந்த வசவையே திருப்பிக் கொடுக்கிறான். பிறகுதான் நிதானத்துக்கு வந்து தன் பெயரைச் சொல்கிறான்.

இப்போது பெண்கள். பெண்ணைப் பற்றி ஆண்கள் நடுவே பேச்சே எழாமல் இருப்பதுதான் அவளுக்குப் பெருமை என்று பெரிக்ளிஸ் சொன்னதாக வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். நீதிமன்ற உரைகளிலும் உயிரோடிருக்கும் கௌரவமான குடும்பப் பெண்ணின் பெயரைப் பொதுவாகச் சொல்வதில்லை. இன்னார் மனைவி, இன்னார் மகள், அவ்வளவுதான். பெயர் சொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் இறந்தவர்கள், கணிகையர், எதிராளி வீட்டுப் பெண்கள். விதிவிலக்கு, கோவில் பூசாரினிகள். 'மேகங்கள்' கிழவர் தன் மனைவியின் மாமன் பெயரையும் அவர் தகப்பன் பெயரையும் சொல்லிவிட்டு அவள் பெயரை மட்டும் சொல்லாததற்குக் காரணம் இந்த வழக்கம்தான்.

கி.மு. 411இல் வந்த 'லிசிஸ்ட்ராட்டா' இந்த வழக்கத்தை ஆறாவது வரியிலேயே உடைக்கிறது. "வணக்கம் காலோனிகே." "உனக்கும், லிசிஸ்ட்ராட்டா." டிகயோபோலிஸுக்கு 406 வரி தேவைப்பட்டது. இங்கே இரண்டு பெண்கள் தெருவில் சந்தித்ததும் பெயரைச் சொல்லிக்கொள்கிறார்கள். ஏனென்றால் பெண்களுக்குள் அந்தத் தடை இல்லை. அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான ஆண்கள், கேட்கக் கூடாத பேச்சை ஒட்டுக்கேட்பவர்கள் ஆகிறார்கள். படையைக் கலைப்பவள் என்பது பெயரின் பொருள். 'லிசி' அவிழ்த்தல், கலைத்தல். 'ஸ்ட்ராட்டோஸ்' படை.

அந்தக் காலத்தில் நகரின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸில் அதீனா போலியாஸ் தெய்வத்தின் பூசாரினியாக இருந்தவர் லிசிமாக்கே என்றும், அந்தப் பதவியில் 64 ஆண்டுகள் இருந்த லிசிமாக்கே என்பவர் இவரே என்றும் கல்வெட்டறிஞர் டேவிட் லூயிஸ் 1955இல் வாதிட்டார். 'லிசிமாக்கே' என்றால் போரைக் கலைப்பவள். நாடகத்தின் கதாநாயகியும் அக்ரோபோலிஸைப் பிடித்து வைத்திருப்பவள். "நம்மைக் கிரேக்கர்கள் ஒருநாள் லிசிமாக்கேக்கள் என்று அழைப்பார்கள்" என்று அவளே சொல்லும் வசனமும் இருக்கிறது. மிரினே என்ற தோழி பாத்திரத்தின் பெயரில் அதீனா நைகி கோவிலின் முதல் பூசாரினி ஒருவர் இருந்ததை அவருடைய கல்லறைக் கல்வெட்டு சொல்கிறது. மிரினே சாதாரணமாகப் புழங்கிய பெயர் என்பதால் அந்த இரண்டாவது ஒப்புமையை நான் அழுத்த மாட்டேன். லிசிமாக்கே விஷயம் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. பொதுவில் பெயர் சொல்லத்தக்க பெண் யார் என்று ஏதென்ஸில் கேட்டால் கிடைக்கக்கூடிய முதல் பதில் அந்தப் பூசாரினிதான்.

போர் நிற்கும்வரை கணவனோடு சேர்வதில்லை என்று பெண்கள் எடுத்த சபதத்தால், மிரினேயின் கணவன் கினேசியாஸ் பைத்தியம் பிடித்தவன் போல வந்து நிற்கும் காட்சியில், பெயரையும் ஊரையும் சேர்த்து "பயோனிடாய் ஊர்க் கினேசியாஸ்" என்று அறிவித்துக்கொள்கிறான். உண்மையான ஊர், உண்மையில் புழங்கிய பெயர். இரண்டுக்கும் உள்ளே படுக்கையறைக் கொச்சை ஒளிந்திருக்கிறது. அரங்கம் குலுங்கியிருக்கும். அதிகாரியாக வரும் நீதவானுக்கோ நாடகத்தில் பெயரே இல்லை, பதவி மட்டும்தான். பெண்களுக்குப் பெயர், அவர்களை அடக்க வந்தவருக்குப் பெயரில்லை. இறுதிப் பகுதியில் ஏதென்ஸ் தூதர்களும் ஸ்பார்ட்டாத் தூதர்களும் எங்கே அந்த லிசிஸ்ட்ராட்டா, அவள் ஒருத்தியால்தான் நம்மைச் சேர்த்துவைக்க முடியும் என்று பொது இடத்தில் பெயர் சொல்லித் தேடுகிறார்கள். லிசிஸ்ட்ராட்டோஸ் என்ற ஆணாக இருந்தாலும் கூப்பிடுங்கள் என்கிறார் ஸ்பார்ட்டாக்காரர். நாடகத்தின் வெற்றி அந்த அழைப்பில்தான் இருக்கிறது.

அடிமைகளின் பெயர்களைப் பற்றிப் பேசும்போது என்னால் சிரிக்க முடிவதில்லை. ஏதென்ஸ்காரர்கள் அடிமைக்கு அவன் எந்த இனத்திலிருந்து கொண்டுவரப்பட்டானோ அதையே பெயராக வைத்தார்கள், அல்லது அந்த நாட்டில் அதிகம் புழங்கும் ஒரு பெயரை வைத்தார்கள் என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். லிடியாக்காரன் என்றால் லிடோஸ், சிரியாக்காரன் என்றால் சிரோஸ், ஃபிரிகியன் என்றால் மானிஸ் அல்லது மிடாஸ், பாஃப்லகோனியன் என்றால் திபியோஸ். நாடகங்களில் வரும் திராட்டா என்ற பெயருக்குத் திரேசியப் பெண் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. கரியோன் என்றால் காரியா நாட்டவன்.

கி.மு. 414ஐ ஒட்டி, மத மறைச்சடங்குகளை அவமதித்ததாகத் தண்டிக்கப்பட்டவர்களின் சொத்துகளை ஏதென்ஸ் அரசு ஏலம் விட்டது. விற்ற விவரங்களைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். பிரேயஸ் துறைமுகத்தில் வாழ்ந்த கெஃபிசோடோரோஸ் என்பவரின் 16 அடிமைகள் அதில் வரிசையாக வருகிறார்கள். ஒரு திரேசியப் பெண், 165 திராக்மா நாணயம். ஒரு சிரியன், 301. ஒரு லிடியப் பெண், 85. காரியா நாட்டுச் சின்னப் பையன், 72. பதினாறு பேரில் ஒருவருக்கும் பெயர் இல்லை, நாடும் விலையும் மட்டும். நகரத்து வம்புகள் வேண்டாமென்று இரண்டு ஏதென்ஸ்காரர்கள் வானத்தில் புது ஊர் கட்டும் 'பறவைகள்' நாடகம் மேடையேறியதும் அதே 414இல்தான். அந்த இருவரில் யூயெல்பிடிஸின் பெயரில் நம்பிக்கையும், பெய்சிடைரோஸின் பெயரில் தோழரை வசப்படுத்தும் திறமும் அழகாகப் பொதிந்திருக்கின்றன. அடிமையின் பெயரை இந்தக் கல்லோடு வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அரிஸ்டோபனிஸின் அடிமைகளில் அடிக்கடி வரும் பெயர் க்ஸாந்தியாஸ். செம்பட்டைத் தலையன். 'மேகங்கள்' அம்மா ஆசைப்பட்ட க்ஸாந்திப்போஸ் என்ற பெயரின் முதல் துண்டும் இதே சொல்தான். குதிரையோடு சேர்ந்தால் பெரிக்ளிஸின் குடும்பம், தனியாக நின்றால் மூட்டை சுமப்பவன். 'தவளைகள்' நாடகத்தில் இந்த க்ஸாந்தியாஸ் எஜமானரான டியோனிசஸ் தெய்வத்தோடு பாதாள உலகம் போகிறான். அங்கே ஆபத்து வரும்போதெல்லாம் தெய்வம் பயந்துபோய், தான் போட்டிருந்த ஹெர்குலிஸ் வேடத்தை அடிமைக்கு மாட்டிவிடுகிறது. சிங்கத்தோலை வாங்கிப் போர்த்திக்கொண்டு அவன் சொல்கிறான்: "ஹெரக்ளியோக்ஸாந்தியாஸைப் பாருங்கள்!" இரண்டு துண்டு சேர்ந்த பெயர் சுதந்திரக் குடிகளுக்கு உரிய பாணி. அதை அடிமை தனக்குத் தானே சூட்டிக்கொள்கிறான். நாடகம் வந்தது கி.மு. 405இல். முந்தைய ஆண்டுதான் அர்கினூசே கடற்போரில் துடுப்பு வலித்த அடிமைகளுக்கு விடுதலை கிடைத்திருந்தது. அந்தப் போருக்குப் போகாமல் விட்டேனே என்று அவன் தொடக்கத்திலேயே வருந்துகிறான். இத்தனையும் அந்தப் பெயரில் ஏறி நிற்கின்றன.

அடுத்த நூற்றாண்டில் அரசியல்வாதிகளை மேடையேற்றுவது குறைந்து, குடும்பக் கதைகள் வந்தன. ஆன்டிஃபனிஸ் என்ற நகைச்சுவை ஆசிரியரின் பாத்திரம் ஒன்று பெயர்களைப் பற்றி ஆற்றாமையோடு பேசுவது ஒரு துணுக்காகக் கிடைத்திருக்கிறது. சோக நாடகக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஈடிபஸ் என்று சொன்னால் போதும், அப்பன் யார், அம்மா யார், என்ன செய்தான் என்று எல்லாம் பார்வையாளருக்குத் தெரியும். நாங்களோ பெயரிலிருந்து முடிவுவரை எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும், ஒரு கிரெமிஸோ ஒரு ஃபெய்டோனோ எதையாவது விட்டுவிட்டால் சீழ்க்கையடித்து விரட்டிவிடுவார்கள் என்கிறது அந்தப் பாத்திரம். அரிஸ்டாட்டிலும் 'கவிதையியல்' நூலில், நகைச்சுவை ஆசிரியர்கள் நடக்கக்கூடிய நிகழ்ச்சிகளைக் கொண்டு கதையைக் கட்டிவிட்டு, அகப்பட்ட பெயர்களை வைக்கிறார்கள் என்கிறார். நம் இலக்கணச் சொல்லில் சொன்னால் இடுகுறிப்பெயர்.

அரிஸ்டாட்டிலின் கூற்றை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. குடும்பக் கதைகளை எழுதிய நகைச்சுவை ஆசிரியர் மெனாண்டரின் நாடகங்களில் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. காதல்வயப்பட்ட பையன் மோஸ்கியோன், 'இளங்கன்று'. கருமிக் கிழவர் ஸ்மிக்ரினிஸ், அதில் 'சிறிய' என்ற சொல் இருக்கிறது. பக்கத்திலேயே நிற்கும் அடிமை பார்மெனோன். பெயரைக் கேட்டதும் இன்ன வகை ஆள் என்று பார்வையாளர் தயாராகிவிடுவார். 'புதிய நகைச்சுவை' எனப்படும் இந்த வகை நாடகங்களின் முகமூடிகள் 44 என்று பிற்கால அறிஞர் பொல்லக்ஸ் பட்டியலிட்டிருக்கிறார். பெயரும் ஒரு முகமூடி போலவே வேலை செய்தது. அரிஸ்டோபனிஸில் பெயர் ஒருவருக்கு உரியது, இங்கே ஒரு வகைக்கு உரியது. கி.பி. நான்காம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் டோனாட்டஸ், ரோம நகைச்சுவை நாடகாசிரியர் டெரன்ஸுக்கு உரை எழுதும்போது, நகைச்சுவைப் பாத்திரத்தின் பெயருக்குக் காரணம் இருந்தாக வேண்டும் என்றே விதிக்கிறார். விசுவாசமான அடிமைக்குப் பார்மெனோ, விசுவாசமற்றவனுக்குச் சிரஸ் அல்லது கெட்டா, படைவீரனுக்குத் த்ராசோ அல்லது பொலெமோ. விசுவாசமற்றவனுக்கு நாட்டுப்பெயர் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்.

மெனாண்டர் செய்ததோ அந்த விதிக்கு நேர் எதிரான காரியம். பொலெமோன் என்ற பெயரில் போர் இருக்கிறது. வீம்பு பேசும் சிப்பாயை எதிர்பார்த்து உட்கார்ந்தால், பொறாமையில் காதலி கிளிகெராவின் கூந்தலை வெட்டிவிட்டு அழுதுகொண்டிருக்கும் ஒருவனைக் காட்டுகிறார். த்ராசோனிடிஸ் பெயரில் துணிச்சல் இருக்கிறது. அவன் தன் சொந்த வீட்டுக்கு வெளியே ராத்திரி மழையில் நடந்துகொண்டிருக்கிறான். உள்ளே இருப்பவள் போரில் சிறைபட்டு அவனிடம் வந்த பெண். அவள் தன்னை வெறுக்கிறாள் என்று தெரிந்ததால் அவளைத் தொடாமல் வெளியே நிற்கிறான். அவள் பெயர் கிராட்டேயா. அதில் இருக்கும் வேருக்கு வலிமை, ஆதிக்கம் என்று பொருள். பெயர் ஒரு எதிர்பார்ப்பைக் கொடுக்கிறது, மனிதர் அதை மீறுகிறார். கி.மு. 316இல் பரிசு வென்ற 'டிஸ்கோலோஸ்' (சிடுமூஞ்சி) நாடகத்தில் இளைஞன் ஒருவன் காதலிக்கும் மணப்பெண்ணுக்குப் பெயரே இல்லை, மேடையில் வந்து பேசியும்கூட. அந்தப் பழைய வழக்கத்தை மெனாண்டர் மீறவில்லை.

'கேடயம்' நாடகத்தில் முதல் காட்சிக்குப் பிறகு ஒரு தெய்வம் வந்து, இறந்ததாக நினைக்கப்படும் வீரன் சாகவில்லை என்பதிலிருந்து எல்லா உண்மையையும் சொல்கிறது. கடைசியாக, "என் பெயரைச் சொல்வது பாக்கி. இதையெல்லாம் தீர்த்துவைக்கவும் நடத்தவும் உரிமையுள்ளவள் யார்? டிகே" என்று அந்த ஒரு சொல்லோடு முடிக்கிறது. டிகே என்றால் நேர்வது, வாய்ப்பு, விதி. 'அகப்பட்ட பெயர்கள்' என்று அரிஸ்டாட்டில் சொன்ன இடத்தில் இருக்கும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது. இதை மெனாண்டர் நினைத்து எழுதினார் என்று சொல்ல வரவில்லை, ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்கவும் விருப்பமில்லை.

அந்த நாடகத்தின் அடிமை தாவோஸ். இந்தப் பெயரை டேன்யூப் நதிக்கரை இனம் ஒன்றோடு ஸ்ட்ராபோ இணைக்கிறார். மெனாண்டர் இவனை ஃபிரிகியன் ஆக்கியிருக்கிறார். கருமி ஸ்மிக்ரினிஸ், இறந்தவனின் சொத்துக்காக அவன் தங்கையைத் தானே கட்டிக்கொள்ளத் திட்டமிட்டு, சட்டம் தன் பக்கம் என்று சொல்லி அடிமையின் சம்மதத்தை எதிர்பார்க்கிறார். தாவோஸ் பதில் சொல்கிறான்: "நான் ஃபிரிகியன். உங்களுக்கு நல்லதாகத் தெரியும் பல காரியங்கள் எனக்கு மகா மோசமாகத் தெரிகின்றன. உங்களுக்கு மோசமாகத் தெரிபவை எனக்கு நல்லதாகத் தெரிகின்றன." எந்த நாட்டை அவன் மேல் முத்திரையாகக் குத்தி விற்றார்களோ, அந்த நாட்டையே முன்வைத்து ஏதென்ஸின் சட்டத்தை எடைபோடுகிறான். கொஞ்ச நேரம் கழித்துப் பந்தி பரிமாறும் திரேசியன் ஒருவன் வந்து, ஃபிரிகியன்களெல்லாம் கையாலாகாதவர்கள், நாங்கள்தான் ஆண்பிள்ளைகள் என்று அவனைக் கேலி செய்கிறான். பிறகு அந்தப் பெண்ணைக் காப்பாற்றும் திட்டத்தைப் போடுபவன் தாவோஸ்தான்.